எதிர்வீட்டுக்காரருக்குப் போட்ட மிளகாய் பஜ்ஜி

இன்று மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டே தீருவது என்று பல் தேய்க்கும்போதே முடிவெடுத்தேன். பிரஷ்ஷை உயர்த்திக் கண்ணாடியில் இருந்தவனிடம் சபதமே செய்தேன். அவனும் பதிலுக்குப் பிரஷ்ஷை உயர்த்தினான். எங்கள் வீட்டில் நான் சொன்னதும் ஒத்துக்கொள்ளும் ஆள் அவன் ஒருவன்தான்.

எனக்கு வயிற்றில் புண். டாக்டர், "காரமும் எண்ணெயும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்" என்றார். அந்தக் கொஞ்ச நாளை அளக்கும் பொறுப்பை என் மனைவி ஏற்றுக்கொண்டாள். வெயில் போய் மழை வந்தது. மழையும் போயிற்று. அவளுடைய கொஞ்ச நாள் மட்டும் முடியவில்லை. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள். பெரிய பெரிய மீசைக்காரர்களெல்லாம் அவளிடம் கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் எம்மாத்திரம்? வீட்டை விட்டுக் காரம் போயிற்று. அதிகாரம் மட்டும் தங்கிவிட்டது.

கடையில் வாங்கித் தின்ன வேண்டியதுதானே என்பீர்கள். நான் சாவி செய்பவன். என் கடைக்கு நேர் எதிரே பஜ்ஜி வண்டி. சாயங்காலமானால் அந்த வாசனை தெருவைத் தாண்டி வந்து என் மூக்கைப் பிடித்து இழுக்கும். அராவிக்கொண்டிருக்கும் சாவியில் ஒரு பல் கூடுதலாகத் தேய்ந்துவிடும். ஒருநாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு போய் நின்றேன். வண்டிக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"உங்களுக்கு மட்டும் கேக்காதீங்க சார். அக்கா திட்டும்."

அவருடைய சர்க்கரையைப் பார்ப்பதும் என் மனைவிதான்.

இந்த நிலையில்தான் அவளுடைய அக்காவுக்குக் கண் ஆபரேஷன் வந்தது. துணைக்குக் கிளம்பினாள். "எண்ணெய்ச் சட்டி பக்கம் போகாதீங்க" என்று வாசலில் சொன்னாள். "சட்டியா? எது, எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

முதல் நாள் ராஜா மாதிரி இருந்தேன். ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டேன். டிவியை அலற விட்டேன். கேட்க ஆளில்லை. மறுநாள், கேட்க ஆளில்லையே என்று இருந்தது. துண்டை நானே எடுத்துக் கொடியில் போட்டேன். அவள் இருந்தவரை பஜ்ஜிக்கு மட்டும் ஏங்கினேன். இப்போது ஏக்கம் இரண்டாகிவிட்டது.

அவள் பஜ்ஜி போடுவதை நீங்கள் பார்த்ததில்லை. மழை நாளில், வேலைவிட்டு வந்த களைப்போடு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்பாள். பக்கத்தில் நான் தட்டோடு நிற்பேன். முதல் பஜ்ஜியை விண்டு, ஊதி, தான் தின்னாமல் என் வாயில் போடுவாள். "சுடுதா?" என்பாள். சுடும். "இல்லை" என்பேன். எத்தனையோ பூட்டைத் திறந்திருக்கிறேன். அந்தச் சமையலறைக்குள் திரும்பப் போக ஒரு சாவி செய்யத் தெரியவில்லை.

சரி, ஒன்றாவது நிறைவேறட்டும் என்று நீளமான பஜ்ஜி மிளகாயும் கடலை மாவும் வாங்கி வந்தேன். மிளகாயைக் கழுவினேன். கீறினேன். மாவில் முக்கி எண்ணெயில் போட்டேன். மாவு ஒரு பக்கம் போனது. மிளகாய் ஒரு பக்கம் போனது. விவாகரத்து! மாவைக் கெட்டியாக்கினேன். இந்தத் தடவை மிளகாய் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது, கல்லறைக்குள் போன மாதிரி. வியர்த்தது. அதே கையால் கண்ணைத் துடைத்தேன்.

அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண் தெரிந்தால்தானே தெரியும்? தடவித் தடவிப் போனை எடுத்தேன். அந்த நிலையிலும் மூளை வேலை செய்தது.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் இன்னொரு கண்ணும் கலங்கியது.

"அது இருக்கட்டும். நம்ம எதிர்வீட்டு அண்ணன் இருக்காருல்ல, அவரு மிளகாய் பஜ்ஜி போடறாராம். மாவு ஒட்டலையாம். உன்கிட்ட கேக்கச் சொன்னாரு."

எதிர்வீட்டு அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தனிக்கட்டை. பாதிப் பேச்சில் நிறுத்துவார் என்பதால் எங்களுக்குள் அவர் பிரேக் அண்ணன்.

"அப்படியா?" என்றாள். "மிளகாயைக் கழுவுனதும் ஈரம் போகத் துடைச்சாரா?"

"துடைக்கல... துடைக்கலையாம்."

"துடைக்கச் சொல்லுங்க. விதையை எடுத்துட்டு உள்ள புளியும் ஓமமும் அரைச்சுத் தடவணும்."

"ஓமம் எந்த டப்பாவுல இருக்கு?"

"அந்த அண்ணன் வீட்டு ஓமம் எனக்கு எப்படிங்க தெரியும்?"

"அவங்க வீட்ல தீந்துபோச்சாம். நம்ம வீட்டு ஓமம்தான் கேட்டாரு."

"ஓஹோ. சீரகத்துக்குப் பின்னாடி. மாவு ரொம்பக் கெட்டியா இருந்தா தண்ணி தெளிக்கச் சொல்லுங்க. அப்புறம், அவரு கண்ணைக் கசக்கிட்டாரா?"

"எப்படிக் கண்டுபிடிச்ச? கசக்கிட்டாரு."

"கண்ணைத் தண்ணியில நல்லா அலசச் சொல்லுங்க. கையில எண்ணெய் தேச்சு, சோப்புப் போட்டுக் கழுவினப்புறம்தான் எதையும் தொடணும். ரொம்ப எரியுதா... அவருக்கு?"

"பரவாயில்லையாம்" என்றேன். நீ கேட்டதிலேயே பாதி எரிச்சல் போய்விட்டது என்று சொல்ல ஆசை. எதிர்வீட்டுக்காரர் சார்பில் அதை எப்படிச் சொல்வது?

"தீயைக் குறைச்சு வைக்கச் சொல்லுங்க. எனக்கு ஒரு போன் பண்ண வேண்டியிருக்கு" என்று வைத்துவிட்டாள்.

சொன்னபடி செய்தேன். வந்தது பாருங்கள் பஜ்ஜி! பொன்னிறம். உப்பலான வயிறு. காம்பு மட்டும் பச்சையாக வெளியே நீட்டிக்கொண்டு, "என்னைப் பிடித்துத் தூக்கு" என்றது. தட்டில் அடுக்கினேன். ஒன்றைத் தூக்கினேன். ஊதினேன். வாயைத் திறந்தேன்.

கதவு தட்டப்பட்டது.

பிரேக் அண்ணன். குளித்து, சலவைச் சட்டை போட்டு, கையில் காலித் தட்டோடு நின்றார்.

"தங்கச்சி போன் பண்ணுச்சு தம்பி. எனக்காகவே நீங்க பஜ்ஜி..." என்று நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது. அவர் மிளகாயைத் தொட்டிருக்க வழியில்லை. "எனக்குன்னு யாரும் அடுப்பு பத்தவெச்சு எவ்வளவோ காலமாச்சு."

உட்காரவைத்தேன். ஒவ்வொன்றாகக் காம்பைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றார். கார் ஓட்டும்போதும் பேசும்போதும் போடுகிற பிரேக்கை இதில் போடவில்லை. கடைசி பஜ்ஜி வந்தபோது நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டென்று நிறுத்தினார்.

"மறந்தே போயிட்டேன். உங்களுக்கும் ஒண்ணு கொடுக்கணும்னு தங்கச்சி கண்டிப்பா சொல்லுச்சு."

என் மனைவி தெய்வம்! கையை நீட்டினேன். அண்ணன் பஜ்ஜியை அழகாகப் பிளந்து, மிளகாயை உருவித் தன் வாயில் போட்டுக்கொண்டு, வெறும் மாவுக் கூட்டை என் கையில் வைத்தார்.

"இப்படித்தான் கொடுக்கணுமாம்" என்றார்.

தின்றேன். ஓமம் மணத்தது. நன்றாகத்தான் இருந்தது. ஊதித் தர ஆளில்லை, அவ்வளவுதான்.

அவர் போய்க் கொஞ்ச நேரம் கழித்து அவளைக் கூப்பிட்டேன். பொய்யெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

"எனக்குப் பஜ்ஜியும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றேன். "நீ இல்லாம வீட்ல இருக்கவே முடியல. வந்துடேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நாளைக்கே வரேங்க" என்றாள். "எனக்கு மட்டும் இங்க என்ன இருப்புக்கொள்ளுதா?"

நெஞ்சு உப்பிவிட்டது. கல்யாணமான புதிதில்கூட அவள் இப்படிச் சொன்னதில்லை.

"அப்புறம் ஒண்ணு. இப்பத்தான் அந்த அண்ணன் போன் பண்ணி உங்க பஜ்ஜியை அப்படிப் புகழ்ந்தாரு. அக்கா வெளிய போகலாம்னு டாக்டரும் சொல்லிட்டாரு. அக்காவும் மாமாவும் பசங்களும் என்கூடவே கிளம்பறாங்க. அத்தனை பேருக்கும் நீங்கதான் போடணும்" என்றவள், குரலைத் தாழ்த்தி ஆசையாகச் சொன்னாள்: "கவலைப்படாதீங்க, உங்களுக்கு ரசம் சாதம் என் கையாலயே பிசைஞ்சு தரேன்."