ஐஸ் கம்பெனிக்குக் கம்பி நீட்டியவர்

வண்டி சரியாகவே கூடாது என்று தாமோதரன் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். பல் விளக்குவதற்கு முன்பே எடுத்த முடிவு. அதுவரை அவர் வாழ்க்கையின் முடிவுகளை எல்லாம் வேம்பு எடுப்பாள், அவர் தலையாட்டுவார். இது ஒன்றுதான் சொந்தச் சரக்கு.

வேம்பு அவர் மனைவி. எர்ணாவூர் குடியிருப்பில் முதல் மாடி ஜன்னலோரம் தையல் மிஷின் போட்டு, அக்கம்பக்கத்துக்கெல்லாம் ரவிக்கை தைப்பவள். அளவு நாடாவைத் தொடாமலே ஆளை அளந்துவிடுவாள். முடிவெடுத்த அவசரத்தில் தாமோதரன் இதை மறந்துபோனார்.

அவர் வண்டிகளுக்கு ரப்பர் ஓஸ் குழாய் செய்யும் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஒவ்வொரு ஓஸாக எடுத்து, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் காற்றை ஊதி, தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். ஓஸில் ஓட்டை விழாமல் அவர் பார்த்துக்கொண்டார். கம்பெனியில் விழுந்த ஓட்டையை யாரும் பார்க்கவில்லை. ஒருநாள் கேட்டில் பூட்டுத் தொங்கியது. கணக்கு முடித்தபோது அவர் பங்குக்கு வந்தது மேனேஜர் ஓட்டிக் களைத்த ஒரு டர்போ கார். ஓட்டத் தெரியும், போக இடம் கிடையாது.

அப்புறம் அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தார். மழைக்காலம் முழுக்க அப்படியே படுத்திருந்தார். வேம்பு தலைமாட்டில் வைத்த டீ ஆடை கட்டிக் கிடக்கும். பக்கத்துக் கம்பெனியில் ஷிப்டு சங்கு ஊதினால் மட்டும் திடுக்கென்று எழுந்து சட்டையைத் தேடுவார். பிறகு ஞாபகம் வரும். மறுபடி சுவர். பேச்சும் குறைந்து, கடைசியில் ‘ம்’ மட்டும் மிஞ்சியது. அந்த வீட்டில் சத்தம் போட்டது தையல் மிஷின் ஒன்றுதான்.

இந்த நிலைமையில்தான் காசிமேட்டில் ஐஸ் கம்பெனி நடத்தும் வேம்புவின் தம்பி லட்சுமணன் வந்து, வண்டியோடு தன்னிடம் வந்துவிடச் சொன்னான். காலையில் அவனை நாலு இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். மிச்ச நேரம் கம்பிக் கூண்டுக்குள் குந்திக்கொண்டு, ஐஸ் பாளம் வாங்க வருகிறவர்களுக்கு டோக்கன் கிழிக்க வேண்டும். கல்யாணத்தன்று தாமோதரன் விரலில் மோதிரம் போட்டு அழைத்துப்போன மச்சான் அவன். அந்த விரலால் அவனுக்கே டோக்கன் கிழிப்பதா? நினைக்கும்போதே தாமோதரனுக்கு உள்ளுக்குள் ஜில்லிட்டது. ஆனால் முடியாது என்று சொல்லத் தெம்பில்லை. ‘ம்’ என்றார்.

திங்கட்கிழமை அவரும் வேம்புவும் காசிமேட்டுக்குக் கிளம்பினார்கள். கிளம்புமுன் பானெட்டைத் திறந்து, கம்பியை உருவி ஆயில் இருக்கிறதா என்று பெரிய தோரணையாகப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். ஓடும்வரை வண்டி நன்றாக ஓடியது. கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் நின்றதும் குளிர் ஜுரம் கண்டது மாதிரி நடுங்கியது. ஸ்டியரிங்குக்கு எதிரே மஞ்சள் எச்சரிக்கை லைட் எரிந்தது. அப்புறம் எஞ்சின் நின்றேபோனது. வடசென்னையில் வண்டி ஓடுகிற நேரத்தைவிட கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் நிற்கிற நேரம்தான் அதிகம். நிற்கத் தெரியாத வண்டியை வைத்துக்கொண்டு இங்கே ஒன்றும் செய்ய முடியாது. தள்ளிக்கொண்டு வீடு வந்தார்கள். வண்டி சரியானதும் வந்தால் போதும் என்று போனில் சொல்லிவிட்டான் லட்சுமணன்.

மறுநாள் காலையில் தாமோதரன் பானெட்டைத் திறந்தபோது விஷயம் ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. ஆயில் பார்க்கும் கம்பியைத் திங்கட்கிழமை அவர்தான் சரியாக அமுக்கவில்லை. அதன் தலையிலிருந்த மஞ்சள் வளையம் ஒரு விரற்கடை மேலே நின்றது, அந்த இடுக்கில் காற்று புகுந்துகொண்டிருந்தது. அமுக்கினார். ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் நடுங்காமல் பூனைபோல் மெல்ல உறுமியது. அந்த அமைதியைக் கேட்டதும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வண்டி சரியானால் காசிமேடு. ஜன்னலில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கம்பியை மறுபடி ஒரு விரற்கடை தூக்கிவிட்டார்.

சாயங்காலம் வேம்பு கேட்டாள்.

“இன்னாவாம் வண்டிக்கு?”

“பேஜாரா கீது. நின்னா நடுங்குது.”

“மெக்கானிக்க இட்டாரவா?”

“அய்ய, அவனுங்க எஞ்சினையே பிரிச்சிப் போட்டுடுவானுங்க. நானே பாக்கறேன்.”

“பாரு, பாரு. வேற இன்னா வேல கீது உனக்கு.”

அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. ஆனாலும் இவ்வளவு லேசில் அவள் விட்டுவிட்டாளே என்று அன்றைக்கு அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

பொய் சொல்வது சுலபம், அதைக் காப்பாற்றுவதுதான் வேலை. தினமும் சாயங்காலம் வேம்புவுக்குப் புதிதாக ஒரு காரணம் சொல்ல வேண்டும். டர்போவைப் பற்றி நம்பும்படி புளுக வேண்டுமானால் முதலில் டர்போவைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். தாமோதரன் காலையில் எழுந்தார். குளித்தார். வண்டி வேலை தெரிந்த பழைய தோஸ்து ஒருவனிடம், வண்டியின் கோளாறைக் காட்டும் ஸ்கேனரை இரவல் வாங்கிவந்தார். செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தார். ஒவ்வொரு குழாயாகத் தடவி, எது எங்கே போகிறது என்று கற்றுக்கொண்டார். உண்மையாக வேலை பார்ப்பவன்கூட இப்படி முதுகொடிய உழைக்க மாட்டான். நாஷ்டாவுக்கு இரண்டு இட்லி சேர்த்துக் கேட்டார். வேம்பு வைத்தாள்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது அவளே ஆரம்பித்தாள்.

“ஏன்யா, ஓடுனா நல்லா கீது, நின்னா உசுரு போவுதுன்னா இன்னா அர்த்தம்?”

தாமோதரன் உற்சாகமாகிவிட்டார். “காத்து எங்கியோ திருட்டுத்தனமா உள்ள பூந்துகினு கீது வேம்பு. கம்ப்யூட்டரு எண்ணாத காத்து. அது எண்ணுன காத்துக்குத்தான் பெட்ரோலு வுடும். ஓடும்போது நெறைய காத்து போறதால இந்தத் திருட்டுக் காத்து தெரியாது. சும்மா நின்னாத்தான் தெரியும். பெட்ரோலு பத்தாம நடுங்கும்.”

“மனுசனுக்கும் அப்டித்தான் போல.”

பிசைந்த சோறு கையிலேயே நின்றது. அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, “அந்த மஞ்ச வளையம் வெச்ச கம்பி இன்னாத்துக்கு?” என்றாள்.

தாமோதரனுக்குப் புரையேறியது. “ஆயில் பாக்கறதுக்கு.”

“ஆயில் கீதா?”

“கீது.”

“அப்ப செரி.”

அத்தோடு விட்டுவிட்டாள்.

அதே வாரத்தில் பக்கத்து பிளாக் அமீருதீன் தன் வாடகைக் காரோடு வந்து நின்றான். அதுவும் டர்போ. அதுவும் நின்றால் நடுங்கியது. எஞ்சினை இறக்கித்தான் ஆகவேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். வண்டி ஓடாவிட்டால் அவன் வீட்டில் அடுப்பும் எரியாது. முகம் செத்துப்போயிருந்தது.

“அக்காதாண்ணே சொல்லிச்சு. இந்த நோவுக்கே நீ ஸ்பெசலிஸ்ட்டாமே.”

தாமோதரன் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். வேம்பு தலை குனிந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மாட்டினோம் என்று தெரிந்தது. கைவிரித்தால் இத்தனை நாள் என்னத்தைக் கற்றாய் என்பாள். கண்டுபிடித்துவிட்டாலோ, அப்படியானால் உன் வண்டி ஏன் இன்னும் நடுங்குகிறது என்பாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிவிடலாம் என்று முடிவுசெய்து பானெட்டைத் திறந்தார். அமீருதீன் வண்டியில் கம்பி ஒழுங்காகத்தான் அமுங்கியிருந்தது. எங்கிருந்தோ மட்டும் மெலிசாக ‘உஸ்’ என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் அவரைச் சும்மா விடவில்லை. இருபது வருஷமாக அவர் துரத்திய சத்தம் அது. தன் திட்டத்தையே மறந்துவிட்டார். தண்ணீரில் முக்க முடியாதென்றால் புகையில் முக்க வேண்டியதுதான் என்று தோன்றியது. எஞ்சினை அணைக்கச் சொன்னார். எஞ்சின் காற்றை இழுக்கிற வாயைப் பாலிதீன் பையால் இறுக்கிக் கட்டினார். பெயிண்ட் டப்பாவில் கரி நெருப்பு போட்டு, அதன்மேல் வேம்புவின் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியைக் கொட்டி, மூடியில் இரண்டு ஓட்டை போட்டார். ஒரு ஓட்டையில் கால் பம்ப்பு. இன்னொன்றிலிருந்து ஒரு குழாய் எஞ்சினுக்குள் போனது. அமீருதீன் மிதித்தான். குடியிருப்பே மணத்தது. கொஞ்ச நேரத்தில் எஞ்சினின் அடிவயிற்றில், கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையிலிருந்து, நூலாகப் புகை எழும்பியது.

கையை விட்டு உருவினார். விரலளவு ஓஸ், மடிப்பில் வெடித்திருந்தது. முதலில் அதன் மேல் இருந்த முத்திரையைத்தான் பார்த்தார். “எங்க கம்பெனி ஓஸ் இல்லடா” என்றார். கம்பெனி மூடிய நாளிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான். புது ஓஸ் வாங்கி மாட்டியதும் நின்ற இடத்திலும் எஞ்சின் நடுங்காமல் ஓடியது. அமீருதீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. மேலே தையல் மிஷின் சத்தமும் நின்றிருந்தது.

அமீருதீனுக்கு ஊரெல்லாம் டிரைவர் தோஸ்துகள். அடுத்தடுத்த நாட்களில் வண்டிகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. தாமோதரன் சாம்பிராணி போட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் ராத்திரி படுத்தால் ஒரே கேள்விதான். ஊர் வண்டியெல்லாம் சரியாகும்போது தன் வண்டி மட்டும் எத்தனை நாளைக்கு நடுங்கும்? ஞாயிற்றுக்கிழமை தம்பி சாப்பிட வருகிறான் என்று வேம்பு சொன்னபோது, கூண்டும் டோக்கனும் கண்முன் வந்து நின்றன. அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். கீழே யாரோ ஹாரன் அடித்துக் கூப்பிட்டார்கள். எழுந்து போனார்.

லட்சுமணன் ஐஸ் கம்பெனி ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் வந்து வஞ்சிர வறுவலில் கை வைத்தான். தாமோதரன் அவன் எதிரில் உட்கார்ந்து, வாழ்க்கையின் இரண்டாவது சொந்த முடிவை வெளியே விட்டார்.

“மச்சான், கோச்சிக்காத. நான் ஐஸ் கம்பெனிக்கு வர்றதா இல்ல. வண்டியில ஒரு நோவும் கெடையாது. நான்தான் கம்பியத் தூக்கிவுட்டு டபாய்ச்சிகினு இருந்தேன். அந்தக் கூண்டுல குந்துனா நான் செத்துடுவேன்.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். லட்சுமணன் மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தான்.

“இன்னா மாமா பேசற? அந்த எடத்துல ஜெரினான்னு ஒரு பொண்ண வெச்சி எம்மாம் நாளாச்சு. நீங்க வண்டியத் தள்ளிகினு வந்தீங்களே, அதுக்கு அடுத்த நாளே அக்கா போன் பண்ணி, அவரு வரமாட்டாரு, வேற ஆளு பாத்துக்கன்னு சொல்லிடுச்சே.”

தாமோதரன் கண்ணைத் திறந்தார். அடுத்த நாள் என்றால் செவ்வாய்க்கிழமை, அவர் கம்பியைத் தூக்கிவிட்ட அதே நாள். இல்லாத வேலைக்குப் பயந்து இத்தனை நாள் ஒளிந்து விளையாடியிருக்கிறார். அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது, ஆனால் யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அடுப்படிக்குப் போனார்.

“ஏன்மே எங்கிட்ட சொல்லல?”

வேம்பு திரும்பவில்லை. வாணலியில் இருந்த கடைசித் துண்டை மெதுவாகப் புரட்டினாள்.

“சொல்லியிருந்தா மறுபடி செவுத்தப் பாத்துகினு படுத்திருப்ப. எனக்குப் பயமா இருந்துச்சுய்யா.”

அவள் குரல் லேசாக உடைந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பழைய வேம்புவானாள். கீழே வண்டிகள் காத்திருப்பதாகவும், வீட்டில் சாம்பிராணி தீர்ந்துவிட்டதாகவும், உடனே திருவொற்றியூர் போய் வாங்கிவர வேண்டும் என்றும் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, பஸ்ஸில் போக பையை எடுத்தார்.

“பஸ்ஸு எதுக்கு? வண்டியிலயே போ. கம்பிய காலையிலயே அமுக்கிட்டேன்.”