வயிற்றுக்குள் செம்புக் கம்பி

என்னை விசாரிக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. பயம் வந்தால் எல்லாவற்றையும் நானே சொல்லிவிடுவேன். கேட்டதையும் சொல்வேன், கேட்காததையும் சொல்வேன். எதிரில் நிற்பவர் போதும் என்று கும்பிட்டாலும் மிச்சத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் மூச்சு விடுவேன். வாய் நீண்டவள், கோபக்காரி, யாருக்கும் பயப்படாதவள் என்று ஊரில் எனக்குப் பெயர். முதல் இரண்டும் சரி. மூன்றாவது பொய் என்பது ஒரு நாள் காலையில், வவுனியாவுக்குப் போகும் வழியில் இருந்த இராணுவச் சோதனைச்சாவடியில், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்துபோனது.

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி. முல்லைத்தீவுக் கரையை விட்டு வந்து தர்மபுரத்தில் ஒரு கொட்டிலில் இருந்தோம். நான், என் கணவர் சூசை, மூன்று பெண்பிள்ளைகள், சூசையின் தாயார். மாமிக்குப் பெயர் செபமாலை. கடலில் இருந்து தூக்கி வயலில் போட்ட மனுஷி. குளத்து மீனை ஒரு வாய் வைத்துவிட்டு "சேறு" என்று தட்டைத் தள்ளிவிடுவார். (அந்தத் தட்டைக் கழுவுகிற ஆள் நான்.) மாமிக்கு அப்போது இரண்டு குறைகள். ஒன்று, கண் இரண்டிலும் வெண்புரை. மற்றது, ஆண் பேரப்பிள்ளை இல்லை. முதலாவதைப் பற்றி அவர் அவ்வளவாகக் கதைப்பதில்லை.

மூன்றாவது பெட்டை பிறந்து சில மாதங்களில் நான் கிளினிக்குக்குப் போய், குடும்பநல மாதுவிடம் இனிமேல் என்னால் முடியாது என்று சொன்னேன். மிஸி என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். மிஸி ஒரு சின்னப் பொருளை எடுத்துக் காட்டினார். வெள்ளைப் பிளாஸ்ரிக் துண்டு, இரண்டு பக்கமும் கை நீட்டிய மாதிரி. நடுத்தண்டில் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. அடியில் இரண்டு நூல்.

"இதுதான் லூப்" என்றார். "உள்ளுக்கை வைச்சா, பிள்ளை தங்காது."

"வழியை அடைக்குமோ மிஸி?"

"அடைக்கிறது எண்டே வைச்சுக்கொள்ளன். குளத்து மதகை அடைக்கிற மாதிரி."

எனக்கு நன்றாக விளங்கியது. வன்னிக்கு வருகிற பாதை எல்லாவற்றையும் மற்றவர்கள் அடைத்து வைத்திருந்த காலம் அது. சவுக்காரம் வராது, மண்ணெண்ணெய் வராது, பற்றறி வராது. என் கையில் இருந்த ஒரேயொரு பாதையை நானும் அடைத்தேன். அன்றைக்கு எனக்கு வந்த பெருமையைப் பார்த்திருந்தால் நான் ஏதோ பாலம் கட்டித் திறந்துவைத்தேன் என்று நினைத்திருப்பீர்கள்.

போகும்போது மிஸி ஒரு புத்தி சொன்னார். அந்தப் புத்திதான் என்னைக் கவிழ்த்தது. "எக்ஸ்றே, அது இது எண்டு ஆஸ்பத்திரியிலை எந்த மிசினுக்கு முன்னாலை போனாலும், உள்ளுக்கை லூப் இருக்கெண்டு சொல்லிப்போடு. மறைக்காதை." ஆஸ்பத்திரியில் என்ற சொல்லை நான் அங்கேயே விட்டுவிட்டு, மிசின் என்ற சொல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சூசைக்கு எல்லாம் தெரியும். அவரும் சம்மதம். ஆனால் தாயைக் கண்டால் அவருக்குப் பயம். "நீ சொல்லாதை. நான் நேரம் பாத்து அம்மாட்டைச் சொல்லுறன்" என்றார். இரண்டு வருடம் நேரம் பார்த்தார்.

அந்த இரண்டு வருடமும் மாமி சும்மா இருக்கவில்லை. என் கர்ப்பப்பையில் பலம் காணாது என்று அவரே முடிவுகட்டி, விடியற்காலையில் பச்சை முட்டையை நல்லெண்ணெயில் அடித்துக் கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை தலைமாட்டில் நிற்பார். கண் தெரியாத மனுஷி கோழிக்கூட்டுக்குள் கைவிட்டுத் தடவி எடுத்த முட்டை. ஒரு மாதத்தில் நான் களைத்துப்போனேன். பிறகு கோப்பையை வாங்கி, மெதுவாகச் சூசைக்கு நீட்டிவிடுவேன். அவர் சத்தமில்லாமல் குடிப்பார். கண் தெரியாத ஒருவரை இப்படி ஏமாற்றினோம் என்று எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது சூசைக்கு நல்ல நிறம் வந்திருந்தது. அந்தோனியாருக்கு மாமி ஒரு நேர்த்தியும் வைத்திருந்தார். பேரன் பிறந்தால், அவன் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி.

இப்படி இருக்கையில், மாமியின் கண்ணுக்கு வவுனியாவில் ஒப்பரேசன் செய்யலாம் என்று கடிதம் கிடைத்தது. நாளும் குறித்துக் கொடுத்தார்கள். அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் எடுப்பதற்குள்ளேயே எங்கள் சீவன் போய்விட்டது. ஆண்கள் இராணுவத்தின் பக்கம் போனால் திரும்பி வருவார்களா என்று பயந்த காலம். ஆகவே மாமியைக் கூட்டிக்கொண்டு போகிற வேலை எனக்கு.

உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறி, பிறகு இறங்கி நடந்து, வெயில் ஏறுவதற்குள் சாவடிக்கு வந்துவிட்டோம். என் கையில் ஒரு துணிப்பை. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. எங்கள் வரிசை முடிகிற இடத்தில் தகரத்தால் மறைத்த ஒரு சின்ன அறை. பக்கத்தில் தமிழிலும் எழுதிய பலகை ஒன்று நின்றது. மாமி, "என்ன எழுதிக் கிடக்கு?" என்று கேட்டார். அவருக்காகச் சத்தமாக வாசித்தேன்.

"கொண்டு போகக் கூடாத பொருள்கள். கூரான ஆயுதம், பற்றறி, கம்பி..."

கம்பி என்ற இடத்தில் என் குரல் நின்றுவிட்டது.

"பிறகு?" என்றார் மாமி.

"பிறகு ஒண்டுமில்லை மாமி."

அதற்குப் பிறகு பத்து வரி இருந்தது. நான் பார்த்தது ஒன்றைத்தான். முன்னால் போகிற பெண்களின் உடம்பில் அகப்பை மாதிரி ஒரு கருவியைப் பிடித்துத் தடவுகிறார்கள். அது அடிக்கடி கீச் கீச் என்று கத்துகிறது. மிசின். மிஸி சொன்ன மிசின்.

என் முறை வந்தது. தகரத்துக்குள் சீருடை போட்ட ஒரு பெண் நின்றாள். என்னைவிட வயது குறைந்தவள். தமிழில் நாலைந்து சொல் தெரியும் போல. "அம்மா, கை மேலே" என்றாள். கருவியை என் தோளருகில் கொண்டுவந்தாள். அது கத்தியது.

கருவி இருந்தது தோளில். என் கர்ப்பப்பை தோளில் இல்லை என்பது மூன்று பிள்ளை பெற்ற எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் சொன்னேன். அதுவும் எப்படி, கரையில் நின்று வள்ளத்தைக் கூப்பிடுகிற குரலில்.

"என்ரை வயித்துக்குள்ளை கம்பி இருக்கு. செம்புக் கம்பி. நான் வைக்கேல்லை, மிஸிதான் வைச்சவா."

இதில் ஒரு சொல் மட்டும்தான் அவளுக்குப் புரிந்தது. தமிழுக்கும் சிங்களத்துக்கும் எத்தனையோ சண்டை. ஆனால் தமிழில் கம்பிக்குக் கம்பி என்று பெயர், சிங்களத்திலும் கம்பிக்குக் கம்பிதான். அவள் என் வயிற்றைப் பார்த்தாள். "கம்பி?" என்றாள். நான் ஓம் என்று தலையாட்டினேன். (மறைக்கக் கூடாது அல்லவா.)

அடுத்த நொடி அவள் தகரத்துக்கு வெளியே நின்றாள். வெளியில் ஒரே கூச்சல். இரண்டு வரிசையும் பின்னால் ஓடியது. நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உள்ளே தனியாக நின்றேன். மாமி மட்டும் ஓடவில்லை. எந்தப் பக்கம் ஓடுவது என்று அவருக்குத் தெரியாது. நின்ற இடத்திலேயே நின்று கத்தினார்.

"எடி ரீற்றா, என்னடி கம்பி?"

இனி எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மாமிக்குக் கண் கிடைக்காது, காரணம் என் வாய் என்று எனக்கு அழுகை வந்தது. அப்போதுதான் இரண்டு பாஷையும் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்தார்கள். சாவடிக்கு அந்தப் பக்கம் நின்று வவுனியா ரவுனுக்கு ஆள் ஏற்றுகிற வான்காரர். ஹனீபா என்று பெயர். எங்கள் மாவட்டத்துத் தண்ணீரூற்றுக்காரர்தான், முஸ்லிம் குடும்பம், தொண்ணூறில் ஊரை விட்டு அனுப்பப்பட்டவர். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். கண்ணியமான மனிதர். பெண்கள் இருக்கும் தகரத்துக்குள் வரமாட்டேன் என்று வெளியிலேயே நின்றுவிட்டார். அவர் கண்ணியத்தின் பலன், நாங்கள் இருவரும் கத்திக் கத்திக் கதைக்க வேண்டியிருந்தது.

"தங்கச்சி, பயப்படாதீங்க. கம்பி எங்க இருக்கு?"

"உள்ளுக்கை நானா."

"பைக்குள்ளயா?"

"ஓம் நானா, பைக்குள்ளைதான்."

அவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். யாரோ என் துணிப்பையைத் தலைகீழாகக் கவிழ்ப்பது தகர இடுக்கால் தெரிந்தது. மாமியின் மாற்றுச்சீலை, அவர் உருட்டுகிற செபமாலை, பிஸ்கட், என் உள்பாவாடை எல்லாம் செம்மண்ணில் விழுந்தன.

"பைக்குள்ள ஒண்டுமில்லயாம் தங்கச்சி."

"அந்தப் பை இல்லை நானா. கர்ப்பப்பை."

எங்கோ ஒரு மாடு கத்தியது கேட்டது. ஹனீபா நானா தொண்டையைச் செருமினார். "லூப்பா தங்கச்சி?" என்றார், தகரத்துக்கே கேட்காத குரலில். பாவம், என் மானத்தைக் காப்பாற்ற அவர் பட்ட பாடு. அதிகாரியின் காதுக்குள் போய்ச் சொன்னார். அந்த அதிகாரிக்குக் காப்பாற்ற வேண்டிய மானம் எதுவும் இல்லை. "லூப்?" என்று சாவடி அதிரக் கேட்டார். அதுவும் இரண்டு பாஷைக்கும் பொதுவான சொல்.

சீருடைப் பெண் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். வெளியில் எங்கள் பெண்கள் செய்தியைப் பின்னுக்கு அனுப்புவது கேட்டது.

"என்னவாம்?"

"லூப்பாம்."

"ஆருக்கு?"

"செபமாலையின்ரை மருமேளுக்கு."

அந்தப் பெண் கருவியை என் அடிவயிற்றில் வைத்தாள். மேலே கொண்டுபோனாள், கீழே கொண்டுவந்தாள். ஒரு சத்தமும் இல்லை. அந்தச் செம்புக் கம்பி செத்த எலி மாதிரிக் கிடந்தது. திரும்பத் தோளில் வைத்தாள். கத்தியது. என் சீலைத்தலைப்பை விலக்கி, அதைச் சட்டையோடு சேர்த்துக் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி என் மூக்குக்கு நேரே பிடித்தாள். ஒரு விரல் நீளம். சட்டையின் தோள்பக்கக் கொழுக்கி அறுந்து நாலு மாதம். தைக்கப் பஞ்சிப்பட்டு, ஊசியால் குத்திக்கொண்டு திரிந்தேன்.

ஒரு ஊசி. ஊசி என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஒன்றுமே சொல்லாமல் நின்றிருந்தாலும் முடிந்திருக்கும்.

ஒரு கையால் சட்டையைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன். மாமி அதே இடத்தில் நின்றார். என் காலடிச் சத்தத்துக்கு முகத்தைத் திருப்பினார். ஏசுவார், நெஞ்சில் அடித்து அழுவார் என்று பார்த்தேன். ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப அந்த முட்டையெல்லாம்?"

இரண்டு வரிசையும் என் பதிலுக்குக் காத்து நின்றது. நான் மற்றக் கையால் மண்ணில் கிடந்த பிஸ்கட்டைப் பொறுக்கினேன். நல்லவேளை, ஹனீபா நானா மாமியைக் கண்டுகொண்டார். "செபமாலையக்கா தானே? உங்கட பாரைக் கருவாடு மாதிரி பிறகு நான் எங்கயும் தின்னல்ல" என்றார். மாமியின் முகம் ஒரு கணம் கரைக்குப் போய் வந்தது. வானில் ஏறி ரவுன் போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் கருவாட்டைப் பற்றியே கதைத்தார்கள். எனக்காகத்தான் அந்த மனிதர் அவ்வளவு கருவாடு கதைத்தார் என்று நினைக்கிறேன்.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. ஆனால் மாமி என்னோடு ஒரு சொல் பேசவில்லை. மறுநாள் ஒரு கண்ணின் கட்டை அவிழ்த்தார்கள். மாமி கண்ணைச் சிமிட்டி, சுவரைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, கடைசியாக என்னைப் பார்த்தார். மேலிருந்து கீழே பார்த்தார்.

"நோகேல்லையோ?" என்றார்.

"இல்லை மாமி."

"சூசைக்குத் தெரியுமோ?"

"ஓம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "முட்டையும் அவர்தான் குடிச்சவர்" என்றேன். அதை அவர் கேட்கவில்லை.

மாமி சிரித்தார். கட்டுப் போட்ட முகத்தோடு, கட்டில் ஆட ஆடச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைக்கப் போனவரை நர்ஸ் ஓடிவந்து தடுத்தார். "அவனை வீட்டை போய்ப் பாக்கிறன்" என்றார் மாமி. "ஆனா அந்தோனியாருக்கு நேர்த்தி வைச்சது நான். அவர் அங்கை பாத்துக்கொண்டிருப்பார். நீயே போய் அவருக்கு விசயத்தைச் சொல்லு. கேக்காததுக்கெல்லாம் சொல்லுறனிதானே."

அவருடைய கோயிலுக்குப் போய்ச் சொன்னேன். வாய்விட்டு. மாமி பக்கத்தில் நின்று, சரியாகச் சொல்கிறேனா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தர்மபுரத்துக்குத் திரும்பியதும் மாமியின் புதுக் கண் செய்த முதல் வேலை, நூல் கோத்து என் சட்டைகள் எல்லாவற்றுக்கும் கொழுக்கி தைத்ததுதான். இரண்டாவது வேலை, சூசையை ஏசியது. அவருடைய நல்ல நிறம் ஒரு வாரத்தில் போய்விட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கேட்காமலே உண்மையைக் கக்குவதற்கு "கம்பி சொல்லுறது" என்று பெயர். பிள்ளைகள் கோப்பையை உடைத்துவிட்டு முழிசினால், "கம்பி இருந்தாச் சொல்லு" என்பார் மாமி. மூத்தவள் காதலித்தபோதும் தகப்பனுக்கு முன்னால் நின்று, "அப்பா, ஒரு கம்பி" என்றுதான் தொடங்கினாள்.

போன வருடம் நானும் சூசையும் அவளுடைய பிள்ளையைப் பார்க்கப் பிளேன் ஏறப் போனோம். "அம்மா, மிசின் வாசலுக்குள்ளாலை போகேக்கை வாயைத் திறவாதேங்கோ" என்று அவள் மூன்று தரம் போன் எடுத்துச் சொல்லியிருந்தாள். வாசலுக்குள் நுழைந்தோம். அது கத்தியது. நான் வாயைத் திறந்தேன். சூசை பாய்ந்து என் வாயைப் பொத்தினார். கத்தியது அவருடைய இடுப்புப்பட்டி.

(லூப்பை எடுத்துப் பதினைந்து வருடம். அவர் கையை எடுத்ததும், அங்கே நின்ற பெட்டையிடம் அதையும் சொல்லிவிட்டுத்தான் போனேன்.)