வராதீங்க, உடனே வாங்க

கம்ப்யூட்டருக்குச் சொந்த மூளை கிடையாது என்பார்கள். அன்றைக்கு எனக்கும் இல்லாமல் போனதுதான் பிரச்சினை.

திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு டைப் அடிக்கிற வேலை. பெட்டி ரெடியா என்று டிரெய்லர் டிரைவர்கள் நாள் முழுக்க போன் போட்டு உயிரை எடுப்பார்கள். அப்போதுதான் டோல்கேட் ஏரியாவில் ஒரு சாயங்கால வகுப்பில் புரோகிராமிங் கற்கத் தொடங்கியிருந்தேன். (போனது சில வகுப்புகள்தான். ஆனால் நடையே மாறிவிட்டது.) 'இஃப்' முடிந்திருந்தது. 'இல்லையென்றால்' என்கிற 'எல்ஸ்' நடத்திய அன்று நான் புடவை எடுக்கப் போய்விட்டேன். பெண் பார்க்க வருகிறார்களே!

இஃப் ஒன்றே போதும் என்று எழுதினேன். பெட்டி ரெடியாகவில்லை என்றால் 'வராதீங்க' என்று அனுப்பு. அடுத்த வரி, 'உடனே வாங்க' என்று அனுப்பு. வராதே என்று சொன்ன வாயால் யாராவது வா என்பார்களா? முதல் வரியோடு கம்ப்யூட்டர் நின்றுவிடும் என்று நினைத்தேன். ரெடியான பெட்டி ஒன்றை வைத்துச் சோதித்தேன். 'உடனே வாங்க' என்று அழகாக வந்தது. பெருமை தாங்காமல் எல்லா மெசேஜுக்கும் கீழே 'இப்படிக்கு, ரேவதி' என்று சேர்த்தேன். பெண் பார்க்கிற அன்று காலை அதை ஓடவிட்டு, லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன்.

நெட்டுக்குப்பத்திலிருந்து காலையிலேயே வரவேண்டிய மாப்பிள்ளை வீட்டார், சாப்பாட்டு நேரம் தாண்டியும் வரவில்லை. கேசரி கல்லாகிக்கொண்டிருந்தது. இந்த இடமும் தட்டிப்போய்விடுமோ என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். போட்டோவைப் பார்த்தே அவரைப் பிடித்துப்போயிருந்தது.

ஒருவழியாக வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஒரே பேஜாரும்மா! எண்ணூர் ரோடு ஃபுல்லா டிரெய்லரு நின்னுகினு கீது. எந்தக் கஸ்மாலம் பண்ண வேலையோ!"

"அடப்பாவமே" என்றேன் நானும், காபித் தட்டோடு. நிஜமாகவே எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பின்னாலேயே மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார். அவரும் டிரெய்லர் டிரைவர். வண்டியை நெரிசலிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தவர், மாப்பிள்ளையிடம் போனை நீட்டினார்.

"நீயே பட்ச்சிப் பாரு நைனா. மொதல்ல வராதீங்கன்னு கீது, அப்பால உடனே வாங்கன்னு கீது. நான் இன்னா பண்றது? எதுக்கும் இருக்கட்டும்னு அல்லாரும் வந்துட்டோம்."

மாப்பிள்ளை கடைசி வரிவரை சத்தமாகப் படித்தார். "இப்படிக்கு, ரேவதி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா மட்டும், எனக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாதவர் போல ஃபேனைப் பார்த்தார்.

"ரெண்டு மெசேஜும் எப்படிப் போச்சுன்னு சத்தியமா தெரியலைங்க" என்றேன். அழுகையே வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா மகன் பக்கம் திரும்பினார். "இன்னாடா, புட்ச்சிக்கீதா, இல்லியா?"

"புட்ச்சிக்கீதும்மா. ஆனா அவங்க சம்மதத்த வாயால சொல்லச் சொல்லு. மெசேஜ்ல வோணாம்."

வாயால்தான் சொன்னேன், ஒரே ஒரு தடவை. (யார்டில் வேலை போகவில்லை. கீபோர்டை மட்டும் கொஞ்ச நாள் பிடுங்கி வைத்திருந்தார்கள்.)

அப்புறம் எல்ஸும் கற்றுக்கொண்டேன்; அது இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் ரெண்டு வரியையும் அனுப்பிவிடுமாம். என்ன பிரயோஜனம்? இன்றைக்கும் "அத்தே, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டால் மாமியார் டிவி முன்னாலிருந்து அசைய மாட்டார்.

"இரு, இன்னொண்ணும் வரட்டும். அப்பால எய்ந்துக்கறேன்."