லைன்மேன் வீட்டுக்கு பேட்டரி வந்த விவரம்

மூன்று ஓடை மின் கூட்டுறவுச் சங்கத்தின் மாத இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

ஹிக்கரி மேட்டிலிருந்து வெண்டல் ப்ராக்கின் மகள் லீடா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் சுகமாக இருக்க வேண்டும். தங்கள் இதழ் எங்கள் வீட்டுக்குத் தவறாமல் வருகிறது. அம்மா சமையல் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொள்வாள். அதன் பின்பக்கத்தில்தான் பாதுகாப்புக் கட்டுரை இருந்தது என்று அப்பா சத்தம் போடுவார். மிச்சத்தை நான் படிப்பேன்.

இதுவரை எந்தப் பத்திரிகைக்கும் நான் எழுதியதில்லை. நாலு பேர் நடுவில் யாராவது என் பெயரைக் கேட்டாலே அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். ஆனால் சென்ற இதழின் ஊர்ச் செய்திகளில், "ஹிக்கரி மேட்டு லைன்மேன் வெண்டல் ப்ராக் வீட்டில், கரண்ட் போனாலும் கவலையில்லாமல் இருக்க பேட்டரி வாங்கியிருக்கிறார்கள்" என்று ஒரு வரி வந்ததே, அதற்குப் பிறகு அப்பா தீவனக் கடைக்குப் போக முடியவில்லை. பக்கத்துப் பண்ணை ஹார்லன் டூலி, "யோவ் வெண்டல், ஊருக்கெல்லாம் கம்பி, உன் வீட்டுக்கு மட்டும் டப்பாவா?" என்று கல்லாவில் நின்றே கத்துகிறார். சர்ச் விருந்தில் பாதிரியாரும் சும்மா இருக்கவில்லை. "மெழுகுவத்தி வேணும்னா கேளு வெண்டல், இங்க நிறையக் கிடக்கு" என்றார். பனிப்புயலிலும் கம்பம் ஏறுகிற மனிதர், தட்டில் வைத்த சோள ரொட்டியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டார். தங்கள் வரியில் பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. ஆகவே ஒரு திருத்தம் வேண்டி இதை எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். பட்டத்தை அம்மா மான் கொம்புக்கு மேலே மாட்டியிருக்கிறாள். எனக்குக் கிடைத்திருப்பது வீட்டிலிருந்தே செய்யும் வேலை. எங்கெங்கோ நடக்கும் கூட்டங்களில் பேசுவதை, காது கேளாதவர்கள் படிப்பதற்காக உடனுக்குடன் தட்டித் திரையில் ஓடவிட வேண்டும். பேச வராத எனக்கு, அடுத்தவர் பேச்சைத் தட்டும் வேலை அளந்து தைத்த சட்டை மாதிரி. அப்போது அது நிரந்தரமாகியிருக்கவில்லை. இப்படியிருக்க ஒருநாள் ஒரு நகரசபைக் கூட்டம், காது கேளாத பெரியவர் ஒருவர் தன் தெருச் சாக்கடையைப் பற்றிக் கேட்கிறார், மேயர் பதில் சொல்ல வாயைத் திறக்கிறார், அதே நேரம் இங்கே டூலி வீட்டு டிரான்ஸ்பார்மர்மேல் ஒரு அணில் ஏறுகிறது. விளக்கு அணைந்து எரிந்தது. கம்ப்யூட்டர் அணைந்தது, அவ்வளவுதான். அது மறுபடி கண் விழிப்பதற்குள் மேயர் சாக்கடையைத் தாண்டி நூலகத்துக்குப் போய்விட்டார். அந்தப் பெரியவர் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார். மேலதிகாரி போனில், "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உன்னை வெச்சுக்க முடியாதும்மா" என்று மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது.

அப்பாவிடம் போனேன்.

"கரண்ட் போச்சுப்பா."

"போகலையே கண்ணு."

"போச்சு. நான் பாத்தேன்."

"அது போனதில்ல. கண்ணு சிமிட்டுனது."

கம்பியில் கிளையோ அணிலோ பட்டால் கம்பத்து சுவிட்ச் தானே திறந்துகொள்ளுமாம். ஒரு நொடி பொறுத்துத் தானே மூடிப் பார்க்குமாம். பட்டது விழுந்திருந்தால் எல்லாம் சரி, மழையில் ஒருத்தனும் ஏற வேண்டாம். ஆகவே சிமிட்டல் என்பது குறை இல்லை, கம்பத்தின் கெட்டிக்காரத்தனம். சங்கத்துக் கணக்கிலும் அது மின்வெட்டில் சேராது. "உன் கம்ப்யூட்டருக்குத்தான் ரோஷம் ஜாஸ்தி. ஒரு சிமிட்டலுக்கா உசுர விடுறது?" என்றார். பேட்டரி என்றதும் முகம் சிவந்துவிட்டது. "லைன்மேன் வீட்டுல பேட்டரியா? கோழி வளக்குறவன் கடையில முட்டை வாங்குற மாதிரி இருக்கு!"

வாங்கத்தான் வாங்கினேன். பெட்டியின் முகப்பில் போட்டிருக்கும் பெரிய எண்ணை நம்பக் கூடாது, பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும் வாட்ஸ் எண்ணைத்தான் பார்க்க வேண்டும் என்று படித்துவிட்டுப் போயிருந்தேன். கடைக்காரரோ ஃப்ரிட்ஜ், டிவி எல்லாம் ஓடும் என்று ஒரு பெரிய பெட்டியைத் தட்டிக் காட்டினார். "எனக்கு ஒரு வாக்கியம் முடியுற வரைக்கும் ஓடினா போதுங்க" என்றேன். உடம்பு சரியில்லாதவளைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுச் சின்னதை எடுத்துக் கொடுத்தார். சின்னது என்றாலும் தீவன மூட்டைக் கனம். வீட்டுக்கு வந்து மாட்டினால் உயிரே இல்லை, பிறகு பார்த்தால் வழியில் ஆபத்து கூடாது என்று உள்ளே பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றியே அனுப்பியிருக்கிறார்கள், அதை மாட்டி, சோதித்துப் பார்க்கச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன், கம்ப்யூட்டர் பட்டென்று செத்தது, ஏனென்றால் பெட்டியின் முதுகில் இரண்டு வரிசை துளைகள், ஒரு வரிசைக்குத்தான் பேட்டரி, மற்றது வெறும் மின்னல் காவலுக்கு. வரிசை மாற்றி, இந்தத் தடவை வீட்டு மெயின் சுவிட்சையே அணைத்துப் பார்த்தேன், கம்ப்யூட்டர் பிழைத்தது, இணையம் செத்தது. இணையப் பெட்டி சமையலறையில் ஃப்ரிட்ஜ் மேலே அல்லவா இருக்கிறது! ஆக என் அலுவலகமே ஃப்ரிட்ஜ் பக்கம் குடிபெயர்ந்தது. மறுநாள் பெட்டி வீறிட்டது. அப்பா கத்துவது புகை அலாரம் என்று நினைத்து, கூரையிலிருந்த அலாரத்தைத் துடைப்பத்தால் அடித்துக் கீழே தள்ளினார், அது பாவம் வாயே திறக்கவில்லை. பார்த்தால் பேட்டரி வரிசையில் அம்மாவின் பீன்ஸ் வேகும் மின்சாரப் பானை, அந்தப் பாரம் தாங்காமல்தான் பெட்டி கத்தியிருக்கிறது.

"ஓட்டை சும்மாதானேடி இருந்துச்சு?"

"அம்மா, அது கம்ப்யூட்டருக்கு!"

"பீன்ஸ் என்ன பெருசா கேட்டுச்சு, கொஞ்சம் சூடுதானே?"

பிறகு வந்தது அந்த இடிமழை நாள். அப்பா வெளியே கம்பி வேலையில். நான் ஒரு பள்ளி வாரியக் கூட்டத்தில். விளக்கு சிமிட்டியது, பெட்டி 'கீச்' என்றது, நான் தட்டினேன். மறுபடி சிமிட்டியது, தட்டினேன். மூன்றாவது தடவையும் தட்டினேன். அதன் பிறகு போயே போய்விட்டது. பெட்டியின் முகத்தில் மிச்ச நிமிடங்கள் ஒவ்வொன்றாகக் குறைய, ஒரு உறுப்பினர் பஸ் கட்டணத்தைப் பற்றி நிறுத்தாமல் பேசுகிறார். அம்மா அடிமேல் அடி வைத்து வந்து என் இரண்டாவது திரையின் பிளக்கை உருவினாள். நிமிடங்கள் கூடின. பீன்ஸ் அவளுக்கு எவ்வளவோ கற்றுக்கொடுத்திருந்தது. "கூட்டம் நிறைவடைகிறது, நன்றி" என்பதை முற்றுப்புள்ளியோடு தட்டி முடித்தேன். ஒரு சொல் விடவில்லை. வேலை நிரந்தரமானது.

அப்பா சொட்டச் சொட்ட வந்தார். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"எத்தன தடவ சிமிட்டுச்சு?"

"மூணுப்பா. அப்புறம் போயிடுச்சு."

"மூணா? நிச்சயமா?"

"பெட்டி மூணு தடவ கத்துச்சே."

"மூணு! பாத்தியா நடீன்?" என்று அம்மாவின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "மூணு தடவ முயற்சி பண்ணிட்டு, கம்பி மேல விழுந்த மரம் நகரலேன்னதும் பூட்டிக்கிச்சு! நான் மாட்டுன சுவிட்சு! நான் சொன்ன மாதிரியே!" தன் வேலையைத் தன் வீட்டுக்குள்ளிருந்தே ஒருத்தர் எண்ணிச் சொன்னது அவருக்கு அதுதான் முதல் தடவை. இப்போது தினமும் வந்ததும் பெட்டி என்ன சொல்லிற்று என்றுதான் கேட்கிறார்.

ஆகவே தாங்கள் இப்படித் திருத்தி வெளியிட வேண்டும்: "வெண்டல் ப்ராக் வீட்டில் பேட்டரி இருப்பது கம்பியை நம்பாததால் அல்ல. அவர் கம்பி சரியாகச் சிமிட்டுகிறது என்பதற்குச் சாட்சி சொல்ல."

தங்கள் இதழும் தங்கள் வீட்டு விளக்கும் அணையாமல் இருக்கட்டும். அச்சகத்தார் அனைவருக்கும் எங்கள் அன்பு.

பணிவுடன்,
லீடா ப்ராக்

பி.கு.: உறையை ஒட்டும்போது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அந்தச் சேதிய அனுப்புனதே நான்தான்டி" என்றாள். என் மகள் பட்டதாரி, கம்ப்யூட்டரில் பெரிய வேலை, அந்த வேலை நிற்கக் கூடாது என்று வீட்டில் பேட்டரியே வைத்திருக்கிறோம் என்று ஒரு பக்கம் எழுதினாளாம். தாங்கள் பேட்டரியை மட்டும் வைத்துக்கொண்டு மகளை வெட்டிவிட்டீர்கள். "பட்டதாரின்னு நாலு எடத்துல எழுதுனேன், ஒண்ணாச்சும் போட்டாங்களா பாரு!" என்று மூக்கைச் சிந்துகிறாள். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. ஆகவே மேலே கேட்ட திருத்தம் வேண்டாம். அம்மாவின் காகிதம் குப்பைக்குப் போகாமல் இருந்தால், அதை அப்படியே, என் பெயரோடு போட்டுவிடுங்கள். இடம் போதாவிட்டால் பேட்டரியை வெட்டிக்கொள்ளுங்கள்.