ஸ்டெப்னி விஷயமாக மச்சானுக்கு

லப்பைக்குடிக்காடு
2.7.2007, திங்கள்

மரியாதைக்குரிய மச்சான் மீரான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதினோரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று முடிவு செய்து இதை எழுதுகிறேன். இங்கே அனைவரும் நலம், உங்கள் மனைவியும் என் தங்கையுமான சாகிராவின் சிறுநீரகம் இரண்டைத் தவிர. சார்ஜாவில் நீங்களும் உங்கள் மூன்று கடைகளும் நலம் என்று கேள்விப்பட்டேன். உங்கள் மகள் ஃபைஸாவின் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் எம்.காம். என்று போடாமல் விட்டீர்கள். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதுவதாக இல்லை.

விஷயம் டயர். சாகிராவைச் செவ்வாயும் வெள்ளியும் ரத்தம் சுத்திகரிக்கத் திருச்சிக்கு அழைத்துப்போக நீங்கள் சென்னையில் ஜெர்மன் கார் புக் பண்ணியிருப்பதையும், காற்று இறங்கினாலும் ஓடும் ரன் பிளாட் டயர் வேண்டுமா, சாதா டயரும் ஸ்டெப்னியும் வேண்டுமா என்று ஷோரூமில் கேட்பதையும் அவள் சொன்னாள். அதோடு, "ஒங்க அண்ணன்ட்ட கேளு, டயரப் பத்தி அவருக்குத்தான் நல்லாத் தெரியும்" என்று நீங்கள் போனில் சொன்னதையும் சொன்னாள். குத்திக்காட்டுவது எனக்குப் புரியாமல் இல்லை. ஆமாம் மச்சான், நன்றாகத் தெரியும். பாடாலூரில் கற்றுக்கொடுத்தீர்கள்.

1996-இல் எங்கள் அத்தாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று தகவல் வந்து, அப்போது நான் வேலை பார்த்த சார்ஜாவில் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் திருச்சியில் வந்து இறங்கினேன். விடியற்காலையிலேயே மௌத் ஆகிவிட்டார்கள் என்பதை ஏர்போர்ட் வாசலில் நீங்கள்தான் சொன்னீர்கள், ஆனால் அதற்கு முன்னால் என் கையிலிருந்த ஒற்றைப் பையைப் பார்த்து, "பெட்டியெல்லாம் எங்க மச்சான்?" என்று கேட்டீர்கள். அதை நான் மறக்கவில்லை. மதியம் ளுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கம், எனக்காகத்தான் அதுவரை வைத்திருக்கிறார்கள், பதினொன்றரைக்கெல்லாம் வூட்டுல இருப்போம் என்றீர்கள். மணி ஒன்பதே முக்காலுக்குப் பாடாலூர் தாண்டுவதற்குள் உங்கள் அம்பாசடரின் பின் டயர் போனது. இறங்கி டிக்கியைத் திறந்தீர்கள். கழுவித் துடைத்து, உள்ளே ஒரு பாயும் விரித்து, கட்டுவதற்குக் கயிறு வேறு சுருட்டி வைத்திருந்தீர்கள். ஸ்டெப்னி மட்டும் இல்லை. "சபுராளி வர்றீங்க, பெட்டிக்கு எடம் வேணுமேன்னு வூட்டுல எறக்கி வச்சுட்டேன் மச்சான்" என்றீர்கள். நம் ஊரில் எல்லோரும் செய்வதுதான், வெளிநாட்டுச் சபுரிலிருந்து வருகிறவனைக் கூப்பிடப் போனால் ஸ்டெப்னியை இறக்கிவிட்டுத்தான் போவார்கள். ஆனால் தகப்பன் மையத்துக்கு வருகிறவன் டேப்ரிக்கார்டரும் போர்வையுமா கொண்டு வருவான்?

அப்புறம் டயரை உருட்டிக்கொண்டு போய்ச் செல்லமுத்து பஞ்சர் கடையில் போட்டோம். ட்யூப் வாயைப் பிளந்திருந்தது. ஒட்டினார், பிய்த்துக்கொண்டது, மறுபடி ஒட்டினார், மறுபடி பிய்த்துக்கொண்டது, பெரம்பலூரிலிருந்து புது ட்யூப் வர வேண்டும் என்றார். நடுவில் ஒரு பஸ் நின்றது. கண்டக்டர், "பெரம்பலூரு, பெரம்பலூரு, ஏறுங்க" என்று என்னைப் பார்த்தே கூப்பிட்டார். நான் ஒரு காலைப் படியில் வைத்தேன். நீங்கள் கையைப் பிடித்து, "பஸ்ஸுல போயி எறங்குனா ஊரு என்ன சொல்லும், பத்து நிமிஷம் மச்சான்" என்றீர்கள். இப்படி ஐந்து தடவை பத்து நிமிஷம் கேட்டீர்கள். நாம் ஊருக்குள் நுழையும்போது கபர்ஸ்தானிலிருந்து ஆட்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் காருக்குள் குனிந்து, "இப்பத்தாம்ப்பா மண்ணு போட்டுட்டு வர்றோம்" என்றார். முகம் பார்க்கவில்லை, மூன்று பிடி மண் போடவில்லை. அதோடு நானும் சபுருக்குத் திரும்பவில்லை, நீங்கள் போனீர்கள், செழித்தீர்கள். இருக்கட்டும்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நீங்கள் கூரியரில் அனுப்பிய வழவழ புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். ரன் பிளாட் காற்றில்லாமல் எண்பது கிலோமீட்டர் போகும் என்கிறான். நம் வாசலிலிருந்து திருச்சி ஆஸ்பத்திரி வாசல் தொண்ணூறுக்கு மேல். வாசலிலேயே ஆணி ஏறினால் மிச்சத்தை யார் தள்ளுவது? அவளுக்கு ஒன்பது மணிக்கு மெஷின். நேரத்துக்குப் போகவில்லையென்றால் அடுத்த ஆளைப் படுக்க வைத்துவிடுகிறார்கள், அவள் கால் வீங்கி மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். ரோடு அகலப்படுத்துகிறேன் என்று தோண்டிப் போட்டிருக்கிறார்கள், போதாததற்கு அரியலூர் சிமெண்ட் லாரிகள் போல்ட்டும் நட்டுமாக உதிர்த்துக்கொண்டு போகின்றன. எதற்கும் இருக்கட்டும் என்று போன வெள்ளிக்கிழமை திரும்பும்போது வாடகைக் காரை நிறுத்திச் செல்லமுத்துவிடமே புத்தகத்தைக் காட்டினேன். இப்போது கடை பெரியது, அவருக்குத் தொப்பையும்.

"காத்தே இல்லாம ஓடுமா? அப்ப நாங்கள்லாம் எதுக்குங்க சார்?" என்றார். படத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பக்கமெல்லாம் கல்லு மாதிரி இருக்கும் போலருக்கே. நம்ம கம்பிக்கு மசியாது. இதக் கழட்டவே மெசின் வேணும், அது இங்கன கெடையாது. ஒங்களுக்குச் சாதா டயருதான் சரி" என்றார். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க அப்ப அம்பாசடர்ல வந்தவருதான? இந்தா, இதே எடத்துல மொறச்சிக்கிட்டு நின்னீங்க. இன்னும் மொறச்சிக்கிட்டுத்தான் நிக்கிறீங்க" என்றார். காரில் சாகிரா சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகிறது.

ஆகவே என் தீர்மானமான கருத்து: சாதா டயர், ஐந்தாவதாக முழு அளவு ஸ்டெப்னி. அந்த ஸ்டெப்னியைச் சங்கிலி போட்டுக் காரோடு பூட்டி, சாவியை என்னிடம் தர வேண்டும். உங்களிடம் தரக்கூடாது. காரணம் மேலே இருக்கிறது.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் கொஞ்சம் முன்யோசனையையும் தரட்டும். பிள்ளைகளுக்கு என் துஆ. வஸ்ஸலாம்.

பி.கு.: செவ்வாய் இரவு. இதை நேற்றே உறையில் போட்டேன், ஒட்டவில்லை. இன்று சாகிரா மெஷினில் படுத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் வாசித்துக் காட்டினேன், நன்றாக வந்திருக்கிறது என்ற நினைப்பில். அவள் கண்ணை மூடியபடியே கேட்டாள். முடிந்ததும், "அண்ணே, ஸ்டெப்னிய எறக்கச் சொன்னதே நீங்கதான்" என்றாள். "கெளம்பறதுக்கு மொத நாளு போன் பண்ணுனீங்கள்ல, நாந்தான எடுத்தேன். அத்தாவுக்கு டிவி வாங்கியிருக்கேன், பெட்டி பெருசு, மச்சான டிக்கியக் காலியா எடுத்துட்டு வரச் சொல்லு, ஸ்டெப்னி கூட வேணாம்னீங்க."

சொல்லியிருக்கிறேன் மச்சான். அத்தா பிழைத்துக்கொள்வார்கள் என்றுதான் நினைத்தேன். படுத்தபடி பார்க்கட்டும் என்று வாங்கியது. விமானத்தில் ஏற்ற முடியாது என்று கவுண்டரில் சொல்ல, வரிசையில் நின்ற ஒரு மலையாளி கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். அந்த அட்டைப்பெட்டியில் இருந்த பச்சைக்கிளிப் படம் கூட இன்றைக்கு ஞாபகம் வந்துவிட்டது. போன் பண்ணியது மட்டும் எங்கே போயிருந்ததோ தெரியவில்லை.

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். "அவுகதான் வேணாம்னாக. மொகமும் பாக்கல, இதையும் ஏன் அவரு தலையில வைக்கணும், எம்மேலயே கோவமா இருந்துட்டுப் போகட்டும்னாக" என்றாள்.

மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். ரன் பிளாட்டே போடச் சொல்லுங்கள். அதில் இறக்கி வைக்க ஸ்டெப்னி கிடையாது, இறக்கச் சொல்ல எவனும் கிடையாது. ஆணி ஏறினால் பஸ் வரும், நான் கைகாட்டி அவளை ஏற்றிக்கொண்டு போய்விடுவேன்.

பேனாவை இரண்டு தடவை திறந்து மூடினேன். கையெழுத்துப் போட்டால் இது மன்னிப்புக் கேட்கும் கடிதமாகிவிடும், எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால் போடாமலே நாளைக் காலை தபாலில் சேர்க்கிறேன். யார் எழுதியது என்று உங்களுக்குத் தெரிந்தால், எப்போதும் போல அதையும் வெளியே சொல்லாதீர்கள்.