படையில்லாத தளவாய்

எங்கள் எஸ்டேட்டில் பிறந்தவர்களிலேயே ஒன்றுக்கும் உதவாதவர் யார் என்று கேட்டால், போர்டிக்சன் சாலை நெடுக எல்லாரும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள். தளவாய்.

அம்பாங்கான் கடைவரிசையில் காவல்கார வேலை. சட்டைத் தோளில் தானே தைத்துக்கொண்ட பித்தளைப் பொத்தான்கள். அங்கே ஒரு கடையில் திருட்டுப் போன அன்று தூங்கிவிட்டார் என்று அநியாயமாகச் சொல்லக்கூடாது. விழித்துத்தான் இருந்தார். வழி கேட்க வந்தவனுக்குத் தன் பெயரின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் அவனுடைய கூட்டாளி பின்பக்கமாக ரைஸ் குக்கர்களை வேனில் ஏற்றிவிட்டான்.

வரலாறு இதுதான். நாயக்கர் காலத்தில் படைத்தலைவருக்குத் தளவாய் என்று பட்டம். தளம் என்றால் படை. வாய் என்றால் வாயேதான். ராஜாவின் உத்தரவு படைக்குப் போவதும், படையின் குறை ராஜாவுக்குப் போவதும் அந்த வாய் வழியாக. தன் பாட்டனாரின் பாட்டனார் அப்படி ஒரு தளவாயாம். சொல் கன்னடத்திலிருந்து வந்தது, வாய்க்கு இந்த அர்த்தம் நிச்சயமில்லை என்று அகராதியைப் பார்த்துச் சொன்னேன். அகராதி எழுதினவன் எந்தச் சண்டைக்குப் போனான் என்று கேட்டார். அவருடைய சொந்த அக்காளோ, ஊர்க் காவல்சாமி தளவாய் மாடனுக்கு நேர்ந்துகொண்டு வைத்த பெயர், அவ்வளவுதான் என்பார்.

எஸ்டேட் கைமாறி நாங்கள் பாரோய்க்குக் குடிவந்த பிறகு, அங்கிருந்த எங்கள் பழைய இடுகாட்டையும் நிரவப்போகிறார்கள் என்று சேதி வந்தது. கூட்டம் போட்டோம். வக்கீல் என்றார்கள், மனு என்றார்கள், மீ கோரெங் சாப்பிட்டுக் கலைந்தோம். தளவாய் மட்டும் படையோடு போகப்போவதாக அறிவித்தார். ஒருவரும் மதிக்கவில்லை.

மண்வாரி இயந்திரம் வந்த காலையில் வேடிக்கை பார்க்கத்தான் போனோம். அதன் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தமிழிலும் மலாயிலுமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் ஒரு வங்காளதேசத்து ஆள். எஞ்சினை அணைத்துவிட்டு, சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

மேனேஜர் வந்து, நீ யார் என்றார்.

"சாயா பங்லிமா" என்றார் தளவாய். மலாயில் படைத்தலைவன் என்று அர்த்தம். மேனேஜர் சிரித்தார். படை எங்கே என்று கேட்டார்.

தளவாய் எங்கள் பக்கம் திரும்பவில்லை. மலாயில்தான் சொன்னார், குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"உள்ளே படுத்திருக்கு தவுக்கே. என் பொண்டாட்டியும் அதுல ஒருத்தி. அவங்களால பேச முடியாதுலா. அதான் நான் பேசறேன்."

அவருக்கு மனைவி இருந்ததே எங்களில் பாதிப் பேருக்கு மறந்துபோயிருந்தது. மேனேஜர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ச் சிலுவைகளையும் நடுகற்களையும் பார்த்துக்கொண்டே நடந்தார். பிறகு யாருக்கோ போன் போட்டு வெகுநேரம் பேசினார். மண்வாரி திரும்பிப் போனது. இப்போது அங்கே வேலி போட்டிருக்கிறார்கள்.

மனிதர் திருந்தவில்லை. அவர் சொல்லும் கதையில் ஒரு மண்வாரி நாலாகிவிட்டது, மேனேஜர் கையில் துப்பாக்கியும் வந்துவிட்டது. அண்டப்புளுகு. நேற்று பாரோய் பசாரில் என்னைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். வாங்கின மீன் கெட்டுவிடும் என்று வீட்டிலிருந்து போன் வந்தது.

போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, "அப்புறம்ண்ணே?" என்றேன்.