உடுப்புச் சாத்திரியாரும் ஒரு கூறைச்சேலையும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெல்பேர்ன் நகரத்து ஸ்பிரிங்வேலின் அந்தச் சின்னத் தெரு முழுவதும் கார்கள் நிற்கும். யாரோ செத்துவிட்டார் என்றுதான் அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர் முதலில் நினைத்தார்கள். ஒருவரும் சாகவில்லை. என்ன உடுப்புப் போடுவது என்று கேட்கத் தமிழர்கள் வந்திருந்தார்கள்.

ஆண்டு 1974. தாஸ்மேனியாத் தீவின் ஹோபார்ட்டில் சூதாட்ட விடுதி திறந்து ஒரு வருடம் கழிந்திருந்தது. மெல்பேர்னிலிருந்து விமானம் ஏறிக் கண்ணை மூடித் திறந்தால் தாஸ்மேனியா. நம்முடைய டாக்டர்மாருக்கும் என்ஜினியர்மாருக்கும் திடீரென்று அந்தத் தீவின் இயற்கை அழகில் பற்று வந்துவிட்டது. "பிள்ளையளுக்கு அப்பிள் தோட்டம் காட்டப் போறம்" என்று ஊருக்குச் சொல்லிவிட்டு விடுமுறைக்குப் போனார்கள். பிள்ளைகள் அப்பிளைப் பார்த்தார்கள். அப்பாமார் சுழலும் சக்கரத்தைப் பார்த்தார்கள்.

மாலையில் விடுதிக்குள் போக வேண்டுமானால் ஆண்கள் கோட்டும் டையும் அணிய வேண்டும். இந்தச் சின்ன விதியைப் பிடித்துக்கொண்டுதான் விக்னராஜா பெரிய மனிதரானார். அவர் கொழும்பில் இன்சூரன்ஸ் விற்றவர். செத்த பிறகு கிடைக்கும் காசை விற்றுப் பழகியவருக்கு, இருக்கும்போதே கிடைக்கப்போகும் காசை விற்பது கஷ்டமா? எந்த நட்சத்திரக்காரர் எந்த நிற டை கட்டினால் சக்கரம் வசப்படும் என்று தன்னிடம் ஓர் ஏடு இருப்பதாகச் சொன்னார். ஏடு யாழ்ப்பாணத்தில் இருந்ததாம். அதைக் காட்டச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. படித்தவர்கள் அப்படியெல்லாம் அநாகரிகமாகக் கேட்கமாட்டார்கள்.

சாத்திரம் எளிமையானது. சக்கரத்தில் பாதிக் கட்டம் சிவப்பு, பாதி கறுப்பு; உருளும் குண்டு நிற்கும் நிறத்தில் காசு வைத்தவர் வெல்வார். சிவப்பு டை கட்டியவர் சிவப்பில் வைக்க வேண்டும். கறுப்பு டை கட்டியவர் கறுப்பில். அதுவும் முதல் சுற்றில் மட்டும். "மற்றச் சுற்றெல்லாம் ராகு காலம்" என்பார் விக்னராஜா. பச்சையில் ஒரு பூச்சியமும் உண்டு. அது வந்தால் சிவப்புக்காரரும் கறுப்புக்காரரும் ஒன்றாகத் தோற்பார்கள். பச்சை டை கட்டச் சொல்லி அவர் யாருக்கும் சொன்னதாகத் தகவல் இல்லை. டையை அவரிடம்தான் வாங்க வேண்டும். கடை டையில் துணி மட்டும்தானே இருக்கிறது!

சிவபாலன் என்ற என்ஜினியர் சிவப்பு டையோடு போய் வென்று வந்தார். வந்த கையோடு தட்டு நிறையப் பழமும் வெற்றிலையுமாகச் சாத்திரியாரின் காலில் விழுந்தார். அன்றிலிருந்து விக்னராஜா என்ற பெயர் மறைந்து 'உடுப்புச் சாத்திரியார்' என்பதே நிலைத்தது.

சச்சிதானந்தனும் வரிசையில் இருந்தார். அவர் கணக்காளர். அலுவலகத்தில் ஒரு ரசீது குறைந்தால் நித்திரை கொள்ளமாட்டார். அப்படிப்பட்டவர் சாத்திரியார் முன்னால் பச்சைக்குழந்தை மாதிரி இருந்தார்.

"உமக்கு ஆயிலியம்" என்றார் சாத்திரியார், கண்ணை மூடியபடி. "சாதாரணச் சிவப்பு உமக்குத் தாங்காது. தாலி ஏறின நேரத்துச் சிவப்பு வேணும். வீட்டுக்காரியின்ர கூறைச்சேலையில தலைப்பை வெட்டி டை தைக்கவேணும். வாற ஞாயிறு இஞ்சை வைச்சு, அவவே தன்ர கையால வெட்டவேணும்."

"மிச்சச் சேலை?"

"அது அம்மனுக்கு. வீட்டை கொண்டுபோகக் கூடாது."

மெல்பேர்னில் அப்போது அம்மன் கோயிலே இல்லை. அம்மன் வந்து சேரும்வரை சேலைகள் சாத்திரியார் வீட்டு அலுமாரியில் காத்திருக்கும் என்பது ஏற்பாடு. ஏற்கெனவே சில கூறைகள் அங்கே காத்திருந்தன.

வீட்டுக்கு வந்து குசினி வாசலில் நின்றுகொண்டு சச்சிதானந்தன் விஷயத்தை மெதுவாகச் சொன்னார். அவருடைய மனைவி ரஞ்சினி டண்டினொங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவள். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"என்ர கூறையை வெட்டி, உங்களுக்கு டை?"

"ஒரு தலைப்புத்தானே, ரஞ்சி."

"எங்கட அம்மா நகையை அடைவு வைச்சு எடுத்த கூறையப்பா அது. கப்பலில வரேக்க வேறை எல்லாத்தையும் விட்டுட்டு அதைத்தான் மடியில வைச்சுக்கொண்டு வந்தனான்."

அது சச்சிதானந்தனுக்கும் தெரியும். அந்தச் சிவப்பைப் பார்த்து மணவறையில் தான் ஐயர் சொன்ன மந்திரத்தைத் திருப்பிச் சொல்ல மறந்ததும் நினைவிருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஆசை வெட்கம் அறியுமா? "நாலு பேர் வெண்டவையாம்" என்று முணுமுணுத்தார்.

ரஞ்சினியின் கண்கள் கலங்கியிருந்தன; வெங்காயத்தால் மட்டுமல்ல. கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு, "எத்தினை பேர் தோத்தவை?" என்று கேட்டாள்.

அவர் விழித்தார். "தோத்ததெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே!"

"ஓம், சொல்லமாட்டினம்" என்றாள் ரஞ்சினி. "சரி. ஞாயிற்றுக்கிழமை சேலையோட வாறன். கத்தரிக்கோலும் நானே கொண்டுவாறன்."

அவள் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் சச்சிதானந்தன் சண்டை பிடித்திருப்பார். சரி என்றதும் மிச்ச வெங்காயத்தைத் தானே எடுத்து வெட்டத் தொடங்கினார்.

ஞாயிறு வந்தது. சாத்திரியார் வீட்டு ஹோலில் நிற்க இடமில்லை. ஊதுவத்திப் புகை வேறு. ரஞ்சினி கூறைச்சேலையை ஒரு கதிரையில் வைத்தாள். அதன்மேல் கத்தரிக்கோலை வைத்தாள். பெண்கள் "ச்சொ" கொட்டினார்கள். ஆண்கள் சச்சிதானந்தனைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

"வெட்டு பிள்ளை" என்றார் சாத்திரியார்.

"வெட்டுறன், சாத்திரியார். ராத்திரி அம்மன் கனவில வந்தவ. வெட்ட முதல் ஒரு சின்னச் சடங்கு செய்யச் சொன்னவ."

அம்மனே சொன்ன பிறகு சாத்திரியார் எப்படி மறுப்பார்? அது தொழிலுக்கே ஆபத்து. தலையை ஆட்டினார்.

ரஞ்சினி எல்லாரையும் எழுப்பினாள். ஜன்னல் பக்கம் நின்றவர்களுக்குத் தலை, சுவர்ப் பக்கம் நின்றவர்களுக்குப் பூ என்று பிரித்தாள். ஒரு நாணயத்தை எடுத்துச் சாத்திரியாரிடமே நீட்டினாள். "நீங்கள் சுண்டுங்கோ. உங்கட கைதானே ராசியான கை."

சாத்திரியார் பெருமையோடு சுண்டினார். பூ விழுந்தது. "தோத்தவை கீழை இருங்கோ" என்றாள் ரஞ்சினி. ஜன்னல் பக்கம் முழுவதும் உட்கார்ந்தது. சச்சிதானந்தனும் உட்கார்ந்தார்.

நின்றவர்களை மறுபடி இரண்டாகப் பிரித்தாள். மறுபடி நாணயம். மறுபடி பாதிப் பேர் உட்கார்ந்தார்கள். இப்படியே போகப் போக ஹோலில் உற்சாகம் ஏறியது. "அவர் இன்னும் நிக்கிறார்! அவரைப் பார்!" என்று கழுத்தை நீட்டினார்கள். கடைசியில் ஒரே ஒருவர்தான் நின்றார். அவர் மகாதேவன். மனைவியைக் காரில் ஏற்றி வந்ததைத் தவிர அவருக்கும் இந்தச் சாத்திரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முழங்கையில் ஓட்டை விழுந்த கபில நிற ஸ்வெட்டரோடு நின்று, எல்லாரும் தன்னையே ஏன் பார்க்கிறார்கள் என்று தெரியாமல் சிரித்தார்.

"பாத்தீங்களே!" என்றாள் ரஞ்சினி. "மகாதேவன் அண்ணை ஒருக்காலும் தோக்கேல்லை. என்ன காரணம்? அவற்ற கபில நிற ஸ்வெட்டர்!"

ஹோல் முழுவதும் ஸ்வெட்டரைப் பார்த்தது. அது ஒரு பக்திப் பார்வை. சிவபாலன் எட்டிப்போய் அதன் நுனியைத் தொட்டே பார்த்துவிட்டார். "அண்ணை, இது எங்கை வாங்கினது?"

"விலைக்குத் தருவீங்களோ?" என்று பின்னாலிருந்து இன்னொரு குரல்.

ரஞ்சினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஐயோ, ஆர் நிண்டாலும் கடைசியில ஒருத்தர் நிக்கத்தானே வேணும்! மகாதேவன் அண்ணை இல்லையெண்டா இன்னொருத்தர். அவர் சிவப்புச் சறம் கட்டியிருந்தா நீங்கள் எல்லாரும் சறத்துக்கு விலை கேட்டிருப்பியள். தோத்துக் கீழை இருந்தவையை ஆராவது திரும்பிப் பாத்தனீங்களோ?"

சச்சிதானந்தனுக்குச் சுருக்கென்றது. தான் உட்கார்ந்த கணத்திலிருந்து தன்னை ஒருவரும் பார்க்கவில்லை. அது போகட்டும், பக்கத்தில் தன்னோடு தோற்று உட்கார்ந்தவர் யார் என்று அவரே பார்க்கவில்லை. அவருடைய கண்ணும் நின்றவர்களிடமே இருந்தது.

"சாத்திரியார் செய்யிறதும் இதுதான்" என்றாள் ரஞ்சினி. "பாதிப் பேருக்குச் சிவப்பு, பாதிப் பேருக்குக் கறுப்பு. சக்கரம் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு பகுதி வெல்லும். வெண்டவை தட்டோட வந்து காலில விழுவினம். தோத்தவை வாய் திறக்கமாட்டினம். ஏனெண்டா அவை அப்பிள் தோட்டம் பாக்கப் போனவை!"

டாக்டர் வரதராஜன் மெல்ல எழுந்தார். ஊருக்கே புத்தி சொல்லும் மனிதர், முகம் சிவந்திருந்தது.

"நான் அப்பிள் பாக்கேல்லை" என்றார். "கறுப்பு டை கட்டிப் போனனான். சிவப்பு விழுந்தது. வந்து சொன்னன். உள்ளுக்கை என்ன பெனியன் எண்டு கேட்டார். வெள்ளை எண்டன். அதுதான் பிழையாம்."

மதராஸ்காரர் நாகராஜன் துள்ளி எழுந்தார். "எனக்கு சாக்ஸ் தப்புன்னாரு சார்! அப்புறம் சாக்ஸையும் இவர்கிட்டயே வாங்கிப் போட்டுட்டுப் போனேன்."

"பிறகு?"

"ஷூ லேஸ் தப்புன்னாரு!"

ஹோல் வெடித்துச் சிரித்தது. சாத்திரியார் ஊதுவத்தியைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"டொக்டர் அண்ணை, உங்கட நட்சத்திரம் என்ன?" என்று கேட்டாள் ரஞ்சினி.

"சுவாதி."

"சிவபாலன் அண்ணை, உங்கட?"

"சுவாதி" என்றார், அதுவும் மெதுவாக. ஒரே நட்சத்திரம், ஒருவருக்குக் கறுப்பு, ஒருவருக்குச் சிவப்பு. ஏட்டில் அந்தப் பக்கத்தைக் கறையான் தின்றிருக்க வேண்டும்.

"லக்கினம் எண்டு ஒண்டு இருக்கு, பிள்ளை!" சாத்திரியார் குரலை உயர்த்தினார். "விளங்காமல் கதைக்காதையும்!"

"சரி. எனக்கு விளங்கேல்லை. நீங்களே எங்களோட ஹோபார்ட்டுக்கு வாங்கோ. உங்கட நட்சத்திரத்து டையை நீங்கள் கட்டுங்கோ. முதல் சுற்றில உங்கட சொந்தக் காசை வையுங்கோ. உங்களை நம்பி நீங்கள் வைச்சியள் எண்டா, தலைப்பு என்ன, முழுக் கூறையையும் வெட்டித் தாறன்."

அவள் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். சச்சிதானந்தன் கத்தரிக்கோலையே பார்த்தார். அந்த நேரத்தில் அவர் ஒன்றை மட்டும்தான் வேண்டினார்: அந்தாள் ஓம் என்று சொல்லிவிடக் கூடாது.

சாத்திரியார் எல்லாரையும் சுற்றிப் பார்த்தார். பிறகு மிகவும் கவலையோடு சொன்னார்:

"சூதாடுறது பாவம், தங்கச்சி."

அதற்குப் பிறகு அங்கே சாத்திரம் நடக்கவில்லை. பெண்கள்தான் முதலில் எழுந்தார்கள். நேரே உள்ளே போய் அலுமாரியைத் திறந்து, அம்மனுக்கு வைத்த கூறைகளை இழுத்தார்கள். வரதராஜனின் மனைவி வேதவல்லியின் கூறையைக் காணவில்லை.

"அது... சிட்னிப் பக்கம், ஸ்ட்ராத்ஃபீல்டுக்குப் போயிட்டுது" என்றார் சாத்திரியார்.

"ஏன், அம்மன் சிட்னியிலயே வந்திறங்கினவ?" என்றாள் வேதவல்லி. சிட்னியில் ஒரு கலியாண வீட்டுக்கு அதை அவர் விற்றிருந்தார். அதைத் திருப்பி வாங்கிக் கொடுக்கும்வரை உம்மை விடமாட்டோம் என்று டாக்டர் கதிரையை வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ரஞ்சினி சேலையை மடித்தாள். சச்சிதானந்தன் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தார். "என்னை மன்னிச்சுக்கொள், ரஞ்சி. என்ர மூளையைத்தான் முதலில வெட்டிக் குடுத்திட்டன்" என்றார். அவள் சேலையை அவர் கையில் கொடுத்து, காருக்குக் கொண்டுவரச் சொன்னாள்.

காரை எடுக்கும்போது சிவபாலன் மூச்சு வாங்க ஓடி வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஜன்னலுக்குள் குனிந்தார்.

"தங்கச்சி சொன்னதெல்லாம் சரி. விளங்கிட்டுது. அடுத்த மாதமும் ஹோபார்ட் போறம். இந்தச் சாத்திரியார் கள்ளன். நீங்கள் சொன்னாச் சரியாயிருக்கும். என்ன உடுப்புப் போட்டா நல்லது?"

ரஞ்சினி தலையில் கை வைத்தாள். பதில் சச்சிதானந்தனிடமிருந்து வந்தது.

"கோட்டும் டையும் போடுங்கோ அண்ணை, என்ன நிறமெண்டாலும் பரவாயில்லை. விடுதி வாசலில நிக்கிறவன் கழுத்து வரைக்கும்தான் பாப்பான். அதுக்கு மேலை மூளை இருக்கோ எண்டு பாத்தா அவனுக்கு வியாபாரம் நடக்காது. அதை நீங்களாத்தான் பாத்துக்கொண்டு போகவேணும்."